கப்பலேறிய எள்ளுத் தாத்தா: புறப்பட்ட ஊரில் தேடுவதா, இறங்கிய ஊரில் தேடுவதா?

வாசகியின் கேள்வி (மார்ச் 2, 2024)

என் வீட்டுக்காரர் ஆஸ்திரேலியர். அவருடைய எள்ளுத் தாத்தா 1850களில் இங்கிலாந்திலிருந்து விக்டோரியாவுக்கு வந்தவர். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "கப்பல் இறங்கும்போது துறைமுக அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார், அதனால் இங்கிலாந்தில் தடமே கிடைக்காது" என்று மாமியார் சொல்கிறார். இங்கிலாந்து சென்சஸில் தேடினால் அதே பெயரில் ஏராளமான பேர் வருகிறார்கள். இதில் எங்கள் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் மனைவி வீட்டில் இதே வேலையைச் செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். வழி சொல்லுங்கள்.

மார்ச் 3

இங்கிலாந்தை இப்போதைக்கு மூடி வையுங்கள், சகோதரி. அவர் இறந்த ஊரில் தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய இறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் இருக்காது, பிறந்த ஊரும் இருக்காது. பிறந்த ஊரை அங்கே கேட்க ஆரம்பித்ததே 1969இல்தான். விக்டோரியாவில் 1853இல் அரசுப் பதிவு தொடங்கியபோதே எல்லாவற்றையும் கேட்டார்கள்: தகப்பன் பெயர், தொழில், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், காலனிக்கு வந்து எத்தனை வருடம், எங்கே எந்த வயதில் யாரைக் கல்யாணம் செய்தார், பிள்ளைகள் பெயர், வயது. ஒரே தாளில் முக்கால் வாழ்க்கை. 1850களில் கப்பலேறிய ஒரு பண்ணைக் கூலியைப் பற்றி இவ்வளவையும் ஒரே தாளில் தரும் பதிவு இங்கிலாந்தில் கிடையாது.

விக்டோரியா பதிவுத்துறையின் இணையதளத்தில் பழைய சான்றிதழின் படத்தைப் பணம் கட்டி உடனே இறக்கிக்கொள்ளலாம். முத்திரை வைத்த பிரதி வேண்டாம், நமக்குப் படமே போதும்.

மார்ச் 3, இரவு

மாமியார் சொன்னதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. இறங்குகிறவர்களின் பட்டியல் கப்பலோடுதான் வந்தது. துறைமுகத்தில் அதைச் சரிபார்த்தார்கள். எழுத்துப் பிழை நிறைய உண்டு. பயணியில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதினார். ஆனால் அது வேண்டுமென்றே பெயரை மாற்றிய கதை இல்லை.

தேடும்போது எழுத்தை விட்டுவிட்டு ஓசையைப் பிடியுங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் பேச்சு வழக்கில் 'ஃப' ஓசை 'வ'வாகும். ஃபவுலர் என்ற குடும்பம் சில பதிவில் வவுலர் ஆகிவிடும். பல வட்டாரங்களில் சொல்லின் முதலில் வரும் 'ஹ' விழுந்துவிடும். அப்படி விழுந்தால் அகரவரிசைப் பட்டியலில் ஆள் வேறு எழுத்துக்குப் போய்விடுவார்.

மார்ச் 6

எங்கள் வீட்டு விவகாரத்தைச் சொல்லச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

என் மனைவியின் எள்ளுத் தாத்தா சாமர்செட் மாவட்டத்தில், யோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பண்ணைக் கூலி. 1854இல் விக்டோரியாவின் ஜீலாங் துறைமுகத்தில் இறங்கினார். சொந்தக் காசில் வரவில்லை, அரசு செலவில் வந்தார். அது நமக்கு லாபம். சொந்தக் காசில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பெயரும் வயதும்தான் பதிவாகியிருக்கும். அரசு செலவில் வந்தவர்களுக்கு விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தில் ஒரு பேரேடே இருக்கிறது: சொந்த மாவட்டம், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, யார் வேலைக்கு எடுத்தார்கள், எத்தனை மாதத்துக்கு, என்ன கூலி, ரேஷன் உண்டா இல்லையா.

அந்தப் பேரேட்டில் அவர் "மணமாகாதவர்". அதை அப்படியே எடுத்துக்கொண்டு குடும்ப மரத்தில் ஏற்றியிருந்தார்கள். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 9

நியூஜெர்சியிலிருந்து ஒரு தம்பி, "எல்லிஸ் தீவில் பெயர் மாற்றியது உண்மைதானே?" என்று கேட்கிறார். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களை விசாரித்த இடம் அது. இல்லை தம்பி. அங்கேயும் பட்டியலைத் தயாரித்தது கப்பல் கம்பெனி, அதுவும் புறப்பட்ட துறைமுகத்தில். எல்லிஸ் தீவில் இருந்தவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆளை விசாரித்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பிறகு, தாங்களாக, வேலைக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ மாற்றிக்கொண்டார்கள். இன்னொன்று, எல்லிஸ் தீவு 1892இல்தான் திறந்தது. உங்கள் ஆள் 1870களில் நியூயார்க்கில் இறங்கியிருந்தால், அதற்கு முன் அந்த வேலையைச் செய்த காசில் கார்டனின் பதிவுகளைத்தான் தேட வேண்டும்.

மார்ச் 14

சகோதரிக்கு இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் தாய் பெயர் இருக்கும் கட்டத்தில் "தெரியாது", பிறந்த ஊர் "இங்கிலாந்து". மனம் விட்டுப் போயிற்று என்று எழுதியிருக்கிறார்.

அதே தாளில் இன்னொரு கட்டத்தைப் பாருங்கள்: தகவல் கொடுத்தவர் யார்? மருமகள். மாமனாரின் அம்மா பெயர் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இறப்புச் சான்றிதழில் வாய் திறக்க முடியாத ஒரே ஆள், அந்தத் தாளுக்கு உரியவர்தான். மூன்றாம் தேதி நான் அதை முக்கால் வாழ்க்கை என்று எழுதினேன். அந்த வார்த்தையை மாற்ற மாட்டேன், ஆனால் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும், அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன ஆதாயம். இந்த மூன்றையும் கேட்காமல் எந்தத் தாளையும் நம்பக் கூடாது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்றே சொல்வேன்.

ஆகவே அவரே வாய் திறந்து சொன்ன தாள்களைத் தேடுங்கள். விக்டோரியாவில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் வயது, பிறந்த ஊர், கல்யாணம் நடந்த தேதி, இடம், முந்தைய பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஒரு பிள்ளைக்கு மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்குங்கள். ஒரு பதிவில் நாட்டின் பெயர் மட்டும் சொன்னவர், இன்னொன்றில் மாவட்டம் சொல்வார், வேறொன்றில் கிராமத்தையே சொல்லிவிடுவார்.

மார்ச் 15

"அரசாங்கத் தாளிலேயே பொய் சொல்ல முடியுமா?" என்று கேட்ட பெரியவருக்கு.

ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் ஒரு பாட்டி இருக்கிறாரே, மேரி ரைபி, அவர் கதையைக் கேளுங்கள். 1777இல் லங்காஷயரில் பரி ஊரில் பிறந்தவர். வேலை பார்த்த இடத்திலிருந்து ஓடிப்போய், ஆண் வேடம் போட்டு, ஜேம்ஸ் பரோ என்று பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தார். குதிரை திருடியதாகப் பிடித்தார்கள். விசாரணையின்போதுதான் பெண் என்று தெரிந்தது. ஏழு ஆண்டு நாடுகடத்தல். 1792 அக்டோபரில் 'ராயல் அட்மிரல்' கப்பலில் கைதியாகச் சிட்னி வந்தார். 1794இல் தாமஸ் ரைபியைக் கல்யாணம் செய்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1811இல் கணவர் இறந்த பிறகு ஏழு பிள்ளைகளையும் வளர்த்து, கப்பல், கிடங்கு, கடை எல்லாவற்றையும் தனியாளாக நடத்தினார். 1820இல் மகள்களோடு இங்கிலாந்துக்குப் போய் அடுத்த வருடம் திரும்பினார்.

1828இல் நியூ சவுத் வேல்ஸ் சென்சஸ் எடுக்க வந்தபோது, "1821இல் சுதந்திரமாக வந்தவர்" என்று பதிந்தார். யோசித்துப் பாருங்கள், ஒரு வகையில் அது நிஜம். 1821இல் அவர் சுதந்திரப் பெண்ணாகத்தான் கப்பலிலிருந்து இறங்கினார். கைதியாக வந்த முதல் பயணத்தை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேரன் பேத்திகள் எடுத்திருக்கும் ஊரில் எந்த அம்மா சொல்வார்? அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர், 'ராயல் அட்மிரல்' பக்கம் போகவே மாட்டார்.

மார்ச் 22

இப்போது இங்கிலாந்துப் பக்கம். சகோதரிக்கு மூன்றாவது பிள்ளையின் பிறப்புப் பதிவில் சஃபோக் மாவட்டத்து லாவன்ஹாம் என்று வந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம்! இனி எல்லாப் பதிவுகளையும் புரட்ட வேண்டாம். ஒரு ஊர், அதைச் சுற்றியுள்ள கிராமங்கள், அவ்வளவுதான்.

1851 சென்சஸை முதலில் எடுங்கள், 1841ஐ அப்புறம். 1841இல் வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று இல்லை. பிறந்த ஊர் இல்லை, அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை 5இன் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், அதனால் 24 வயதுக்காரர் 20 ஆவார், 39 வயதுக்காரர் 35 ஆவார். "வயது ஒத்துப்போகவில்லை, இவர் நம் ஆள் இல்லை" என்று சரியான ஆளையே பலர் கழித்துவிடுவது இதனால்தான். 1851இல் உறவுமுறையும் பிறந்த ஊரும் உண்டு.

1837 ஜூலைக்குப் பின் பிறந்திருந்தால் அரசுப் பதிவு உண்டு. அதற்கு முன்னால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுதான். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டது, தகப்பன் தொழிலும் வசிக்கும் இடமும் அதில் இருக்கும். 1754 முதல் கல்யாணப் பதிவில் மணமக்கள் கையெழுத்தோ பெருக்கல் குறியோ போட வேண்டும், சாட்சிகளும் உண்டு. சாட்சிப் பெயர்களைக் குறித்து வையுங்கள், பல நேரம் அவர்கள் அண்ணன் தங்கைகளாக இருப்பார்கள்.

ஆள் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதே பெயரில் அதே ஊரில் இன்னொருவர் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை சின்ன வயதிலேயே இறந்திருக்கலாம். அடக்கப் பதிவேட்டையும் பாருங்கள். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சர்வ சாதாரணம்.

மார்ச் 23

விட்டுப்போனது: இங்கிலாந்திலிருந்து புறப்பட்டவர்கள் பட்டியலை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுகிறீர்கள் என்றால், அந்த வரிசை 1890இல்தான் தொடங்குகிறது. 1850களின் ஆளை அதில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஏப்ரல் 4

சாமர்செட் கதையின் மிச்சம்.

இறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், தாய் பெயர், கிராமம் மூன்றும் இருந்தன. தகவல் சொன்னவர் மூத்த மகன். அதை வைத்துப் போனால் ஞானஸ்நானம் கிடைத்தது, 1841 கிடைத்தது. 1851 சென்சஸில் அதே கிராமத்தில், அதே பெயர், சரியான வயது, பண்ணைக் கூலி. பக்கத்து வரியில் மனைவி. அதற்கடுத்த வரியில் இரண்டு வயது மகள்.

முதலில் எல்லோரும் "இவர் வேறு ஆள்" என்றார்கள். நானும் அப்படி இருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கிராமத்தில் அந்தப் பெயரில் இன்னொரு ஞானஸ்நானம் இல்லை. சாமர்செட் கல்யாணப் பதிவிலும் 1860களில் விக்டோரியாவில் பாலராட் பக்கம் நடந்த கல்யாணப் பதிவிலும் தகப்பன் பெயரும் ஒன்றே, தொழிலும் ஒன்றே. இரண்டாவது பதிவிலும் அவர் "மணமாகாதவர்".

ஏன் கப்பலில் அப்படிச் சொன்னார் என்பதற்கு அன்றைய விதியே பதில் சொல்கிறது. அரசு செலவில் ஆள் அனுப்பிய ஆணையம் கணவனையும் மனைவியையும் பிரித்து ஏற்றுவதில்லை. மனைவி வர மறுத்தாலோ, வர முடியாமல் போனாலோ, அவருக்கு முன்னால் இரண்டே வழி: ஊரிலேயே இருப்பது, இல்லையென்றால் மணமாகாதவர் என்று சொல்வது. மனைவி ஏன் போகவில்லை என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். கப்பலை நினைத்து பயந்திருக்கலாம். 1852இல் 'டைகாண்டரோகா' என்ற கப்பல் ஏறக்குறைய 800 பேரோடு மெல்போர்னுக்குப் புறப்பட்டது, வழியிலேயே சுமார் 100 பேர் காய்ச்சலில் இறந்தார்கள். அந்த மாதிரிச் செய்தி கிராமத்துக்கு வராமலா இருந்திருக்கும்? சின்னக் குழந்தைக்காரி யோசித்திருப்பார்.

அந்த அம்மா 1861 சென்சஸில் இருக்கிறார். தொழில், கையுறை தைப்பவர். யோவில் வட்டாரத்தில் அதுதான் பெண்களுக்குப் பிழைப்பு. கம்பெனிக்காரர் தோலை வெட்டிக் கொடுப்பார், வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுக்க வேண்டும். மகளும் பன்னிரண்டு வயதில் அதே தொழில். மணநிலைக் கட்டத்தில் "விதவை". அந்த வருடம் அவர் கணவர் பாலராட்டில் உயிரோடு இருந்தார்.

ஏப்ரல் 5

"ஓடிப்போனவன் கதையை எதற்குத் தோண்ட வேண்டும், மனைவி வீட்டுக்கு அவமானம் இல்லையா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராத்திரி வெகுநேரம் அதைப் பற்றி யோசித்தேன்.

1857 சட்டத்துக்கு முன்னால் அங்கே விவாகரத்து முழுமையாக வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அதற்குப் பிறகும் வழக்கு லண்டனில்தான் நடக்கும். பெண் என்றால் கணவனின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் போதாது, கூடவே கொடுமையோ கைவிட்டதோ இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். கையுறை தைக்கிறவருக்கு அது எட்டாது. மறுபக்கம், ஏழு வருடம் பிரிந்திருந்து, துணை உயிரோடு இருப்பது தெரியாமல் மறுமணம் செய்தால் இருதாரக் குற்றத்துக்குத் தண்டனை இல்லை. ஆனாலும் முதல் துணை உயிரோடு இருந்தால் அந்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. ஏழைகள் இந்தச் சட்டத்தைத் தங்களுக்குத் தெரிந்தபடி புரிந்துகொண்டு நடந்தார்கள்.

"விதவை" என்று அந்த அம்மா சொன்னது எனக்கு இப்போது வேறு மாதிரி படுகிறது. கைவிடப்பட்டவள் என்று ஊரில் சொல்லிக்கொண்டு வாழ்வதைவிட அது மரியாதை. கணவர் செத்துவிட்டார் என்றே நம்பியும் இருக்கலாம். இரண்டு நாட்டிலும் இரண்டு பேர் தங்களுக்குப் பிழைக்க வழிவிடும் வார்த்தையை அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணவரை மன்னித்து எழுதவில்லை. நாலைந்து வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்தது எனக்கு இன்றும் கோபம்தான், எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் அந்தக் கோபத்துக்காக அந்த அம்மாவின் பெயரைக் குடும்ப மரத்திலிருந்து விட்டுவிட முடியாது. இத்தனை காலம் அவர் எந்த மரத்திலும் இல்லாமல் இருந்தார்.

என் மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தப் பொண்ணு என்ன ஆனாள்?" என்று மகளைப் பற்றித்தான் கேட்டார்.

ஏப்ரல் 6

மகள் யோவிலில் கல்யாணம் செய்து எட்டுப் பிள்ளைகள் பெற்றார். கல்யாணப் பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் "இறந்துவிட்டார்" என்று குறிப்பு. அந்தப் பெண் அறிந்தது அதுதான்.

ஏப்ரல் 11

டிஎன்ஏ பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. எங்கள் விஷயத்தில் கடைசி ஐயத்தைத் தீர்த்தது அதுதான். மனைவியைவிட மாமியாருக்குச் செய்தது நல்லதாகப் போயிற்று, ஒரு தலைமுறை கிட்டே இருக்கிறார். சாமர்செட்டில் அந்த மகளின் வழிவந்த ஒருவரோடு பொருத்தம் வந்தது. ஒரே பாட்டனார், வேறு வேறு பாட்டிகள் என்பதால் பகிர்வு வழக்கத்தில் பாதிதான் இருக்கும். அதைக் கணக்கில் வையுங்கள். தூரத்து உறவில் பொருத்தம் வரவில்லை என்றால் உறவே இல்லை என்று அர்த்தமில்லை. நான்காம் தலைமுறைப் பங்காளிகளில் பலருக்குப் பொதுவான துண்டு ஒன்றுகூட மிஞ்சாது.

பொருத்தம் வந்த மறுநாளே "உங்கள் பாட்டனார் இரண்டு கல்யாணம்" என்று கடிதம் போடாதீர்கள். அங்கே ஒரு வயதானவர் அதைப் படிப்பார். நாங்கள் முதலில் ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் மட்டும் சொல்லி, அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டோம்.

ஏப்ரல் 19

டொரண்டோவிலிருந்து ஒரு தங்கை தன் மாமனாரின் தகப்பனார் பத்து வயதில் தனியாகக் கனடா வந்தவர் என்கிறார். தங்கையே, அவர் 'ஹோம் சில்ட்ரன்' எனப்பட்ட பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். 1869 முதல் 1948 வரை பிரிட்டனிலிருந்து 1,00,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். பலர் அனாதைகளே இல்லை, வறுமையால் இல்லங்களில் விடப்பட்டவர்கள். கனடா நூலக ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பெயர் வாரியாகத் தேடலாம். எந்த அமைப்பு அனுப்பியது என்று தெரிந்ததும், அந்த அமைப்பின் கோப்பைக் கேளுங்கள். அதில் குழந்தையை ஒப்படைத்தவர் யார், என்ன நிலைமையில் என்று இருக்கலாம். படிக்க மனம் தயாராக இருக்கும் நாளில் திறவுங்கள்.

மே 2

சகோதரியின் தேடல் முடிவுக்கு வருகிறது. 1851இல் லாவன்ஹாமில் தாய், தகப்பன், ஐந்து பிள்ளைகளோடு ஆள் இருக்கிறார். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், மாமியாரின் துறைமுக அதிகாரி குற்றமற்றவர் என்று தெரிந்துவிட்டது.

"இனி என்ன?" என்கிறார். மூன்று வேலை சொல்கிறேன். அவருடைய அண்ணன் தம்பிகளும் வந்தார்களா என்று விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் தேடுங்கள். நியூ சவுத் வேல்ஸ் பட்டியல்களில் பல ஆண்டுகளுக்குப் பெற்றோர் பெயரும், காலனியில் ஏற்கெனவே உள்ள உறவினர் பெயரும் உண்டு. உங்கள் ஆளுக்குக் காணாமல் போன தாய் பெயர் தம்பியின் வரியில் இருக்கக்கூடும், அப்படி இருந்தால் 1851ஓடு ஒப்பிடலாம். அடுத்து, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசம். விக்டோரியாவின் 19ஆம் நூற்றாண்டு சென்சஸ் வீட்டுத் தாள்களை அழித்துவிட்டார்கள், அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது செய்தித்தாளும் நகராட்சி வரிப் பேரேடும்தான். காணாமல் போன மாடு, வேலி வழக்கு, அறுவடைப் போட்டிப் பரிசு என்று சின்னச் சின்ன வரிகளில் ஆள் நடமாடுவார். "காணாமல் போன நண்பர்கள்" விளம்பரங்களையும் பாருங்கள். ஊரிலிருந்து யாராவது அவரைத் தேடியிருந்தால் அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, லாவன்ஹாமில் விட்டுவந்த அவருடைய அம்மா 1861இல், 1871இல் யார் வீட்டில் இருந்தார் என்று பாருங்கள். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் மாமியார் அதைத்தான் முதலில் கேட்பார்.